நொய்யலை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருப்பூரை ‘டாலர் சிட்டி’ என்றால் எங்கள் கொங்குப் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். எனக்கும்தான். வங்கியில் இருந்த நாட்களில் பனியன் கம்பெனிகளின் ஐந்தொகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நூல், சாயக் கூலி, தையல் கூலி, கரண்ட் பில் என்று எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். சாயம் போட்ட தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்கு மட்டும் அதில் இடமே கிடையாது.

அது போனது நொய்யலுக்கு. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிற ஆறு. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே கட்டிய அணை 1992ல் முடிந்தது. சில வருஷங்களிலேயே அது சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடும் விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ‘திறந்து விடாதீர்கள்’ என்று கெஞ்சினார்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பை அள்ளிப் போட வேண்டும். அந்த உப்பெல்லாம் இறங்கிக் கிணறு கெட்டது, வெள்ளாமை போனது. வெளிநாட்டுக் கடையில் பனியன் மலிவாக விற்றதென்றால், குறைந்த விலையைத் தன் தோட்டத்தால் ஈடு கட்டியவர் அந்த விவசாயி.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011ல் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ‘திருப்பூர் அவ்வளவுதான்’ என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. வேலை போனவர்களின் கஷ்டம் நிஜம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் அழியவில்லை. சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத முறைக்கு மாறினார்கள். நம் வீட்டு ஆர்.ஓ. மெஷினைப் பிரம்மாண்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். கழிவை வடிகட்டி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்க வைத்து உப்பை எடுத்து, இரண்டையும் மறுபடி சாயத்துக்கே அனுப்புகிறார்கள். தனியாக இதைச் செய்ய முடியாத சின்னப் பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. முடியவே முடியாது என்று வருஷக்கணக்கில் சொல்லப்பட்ட காரியம் இது!

சாயக் கூலி ஏறத்தான் செய்தது. ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்கிற வெளிநாட்டு வியாபாரி, விலை என்று வந்தால் பத்து பைசாவுக்கும் பேரம் பேசுவான். அந்தப் பளு கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டாமா? பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர், நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கிற பெண், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் நெருக்கிப் படுக்கிற பையன்கள். ஏற்றுமதி இத்தனை கோடி என்று பேப்பரில் வரும்போது நான் இவர்கள் கூலியைத்தான் தேடுகிறேன். அது அந்தச் செய்தியில் வருவதில்லை.

இன்னொன்றும் மிச்சமிருக்கிறது. பிரித்தெடுத்த பிறகும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் தங்கிவிடும். சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள். மழையில் நனைந்தால் அது மறுபடி நொய்யலுக்குத்தான் போகும்.