மகாராஜா வந்த துறை

தாத்தா எஸ்.எஸ். மகாராஜாவைக் கப்பல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'மகாராஜா வந்தார், மகாராஜா போனார்' என்பார். அந்தமானில் சாத்தம் மர அறுப்பு ஆலையில் வேலை பார்த்தவர். 1883இல் தொடங்கிய ஆலை அது.

கல்கத்தா, ரங்கூன், சென்னை என்று வளைய வந்து போர்ட் பிளேரைத் தொட்ட நீராவிக் கப்பல் மகாராஜா. 1911 ஜூன் கடைசியில் சென்னையில் ஏற்றப்பட்ட சாவர்க்கர், ஜூலை 4ஆம் தேதி செல்லுலர் சிறைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெயர் தாங்கிய கப்பலில்தான். 1949இல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் நிலம் தேடி வந்ததும் அந்தப் பெயரில்தான். யார் இறங்கினார்கள் என்பதில் தாத்தாவுக்கு அக்கறை இல்லை. தபால் பை வந்ததா, வெங்காயம் வந்ததா? அவ்வளவுதான். கல்நெஞ்சம் என்று நினைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப்போய், வாரக்கணக்கில் பருப்பும் சோறுமாகத் தின்ற பிறகு அப்படி நினைக்கவில்லை.

நான் வளர்ந்தது ஹர்ஷவர்தனா காலத்தில். 1974இல் மும்பை மசகான் டாக்கில் கட்டிய கப்பல். சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கடல் நல்லபடியாக இருந்தால் மூன்று இரவு. பங்க் கிளாஸ் என்ற படுக்கை வகுப்பில் டீசல் வாடையும் புளியோதரை வாசமும் கலந்து அடிக்கும். முதல் நாள் பாதிப் பேர் படுத்தபடுக்கை. மறுநாள் சீட்டுக்கட்டு வெளியே வரும், ஊறுகாய் கைமாறும், வங்காளியும் மலையாளியும் தெலுங்கரும் நாங்களும் தீவு ஹிந்தியில் ஊர்வம்பு பேசுவோம். மூன்றாம் நாள் தளத்தில் நின்று பறக்கும் மீன்களை எண்ணுவது சிறுவர் வேலை. இன்று விமானத்தில் ஏறி இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம். பக்கத்து இருக்கைக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை.

என் சின்ன அத்தையின் கல்யாணம் பங்க் கிளாஸில் பேசி முடித்தது. மாப்பிள்ளை வீட்டார் பாம்பூ ஃபிளாட்காரர்கள், எங்களுக்கு எதிர்க்கரை. மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பும்போது அடுத்தடுத்த படுக்கை. தெற்கே தீவைச் சுற்றும் இடத்தில் கப்பல் ஆடத் தொடங்க, அப்போதுதான் அவர்கள் சீர்வரிசையைப் பட்டியல் போட்டார்களாம். வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்று தாத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். ஆறு பவுனில் முடித்திருக்க வேண்டியதைக் கடல் பத்தாக்கியது என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.