தூம்பு

காரைக்காலுக்கு மழை மூன்று திசைகளிலிருந்து வரும். தலைக்கு மேலிருந்து பெய்வது ஒன்று. மேற்கே தஞ்சைப் பக்கம் பெய்தது அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் திருமலைராயனாற்றிலும் இறங்கி, இரண்டு நாள் கழித்து வாசலுக்கு வருவது மற்றொன்று. மூன்றாவது கடல். ஓதம் ஏறி நிற்கும் நாட்களில் ஆற்றுநீரை வாங்கிக்கொள்ளாமல் முகத்துவாரத்திலேயே நிறுத்திவிடும். கடைமடையில் வாழ்வோருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் இந்த மூன்றுக்கும் நடுவில் கழிகிற மாதங்கள்.

2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரையேறியது. மறுநாள் இரவு அம்மாவுக்கு இளைப்பு கண்டது. வழக்கமான மாத்திரைக்கு அடங்கவில்லை. அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் அம்மாவைக் காரின் பின்னிருக்கையில் சாய்த்துக்கொண்டு, திருநள்ளாறு கொம்யூனிலிருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாத ஓர் இறக்கம். முழங்காலளவு இருக்கும் என்று நினைத்து இறங்கினோம். தொடைவரை இருந்தது. வண்டி இருமிவிட்டு நின்றது.

தண்ணீரில் இறங்கியது முதல் தவறு. நின்ற வண்டியின் சாவியை மறுபடியும் திருப்பியது அதைவிடப் பெரிய தவறு. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் பொருள் பின்னால்தான் விளங்கியது. எஞ்சின் என்பது காற்றை உறிஞ்சி, அமுக்கி, எரித்து, வெளியே தள்ளும் ஒரு நெஞ்சுக்கூடு. பெரும்பாலான கார்களில் அதன் மூக்கு முன்விளக்குக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏதாவது ஒன்று வளைந்துகொடுக்க வேண்டுமே, கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது.

பின்னிருக்கையில் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். முன்னால் எஞ்சின் செத்துக் கிடந்தது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் டிராக்டரைக் கொண்டுவந்தார். டிரெய்லரில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மேலே தார்ப்பாய் பிடித்து அம்மாவை ஏற்றினோம். நாங்கள் தோற்ற அதே தண்ணீரில் டிராக்டர் எந்தப் பதற்றமும் இல்லாமல் நடந்துபோயிற்று. புழுதியில் உழைப்பதற்கென்று அதன் மூச்சுக்குழாயையும் புகைக்குழாயையும் பானெட்டுக்கு மேலே நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். புழுதிக்காகச் செய்தது வெள்ளத்துக்கும் உதவியது. நான்கு நாளில் அம்மா வீடு திரும்பினாள். காருக்கு இழப்பீடு கேட்டபோது, நீர் புகுந்தபின் வண்டியைக் கிளப்ப முயன்றதால் வந்த சேதம் பாலிசியில் அடங்காது என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். கோபம் வந்தது. ஆனால் சாவியைத் திருப்பிய கை எங்களுடையதுதான்.

அடுத்த வருடம் ஒரு பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப்பை வாங்கினோம். பியூஜோவின் வடிவமைப்பில் இங்கே செய்யப்பட்ட டீசல் எஞ்சின். மெக்கானிக் பாய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிரெஞ்சுக்காரன் அம்பத்தி நாலுல போயிட்டான்னு நெனச்சேன் சார், இங்க உக்காந்திருக்கானே" என்றார். பழைய டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். நனைந்து கெடுவதற்கு அதில் மின்சமாச்சாரங்களும் அதிகமில்லை. காற்றும் எண்ணெயும் கிடைத்தால் ஓடும். ஆகவே காற்று வரும் வழியை உயர்த்துவது என்று முடிவாயிற்று.

பாய் முதலில் மறுத்தார். பிறகு, "செஞ்சா முழுசாச் செய்யணும்" என்றார். ஏர் கிளீனரிலிருந்து மூன்றங்குலக் குழாய் ஒன்று பக்கவாட்டில் வெளியேறி, முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரைவரை ஏறியது. உச்சியில் பழைய டிராக்டரின் காளான் மூடி. இணைப்பு ஒவ்வொன்றிலும் ரப்பரும் கிளாம்பும். ஏர் கிளீனரின் அடியில் நீர் வடிவதற்கென்று இருந்த சிறு துளையையும் அடைத்தார். கியர்பாக்சுக்கும் இரண்டு ஆக்சில்களுக்கும் தனித்தனியாக மூச்சுத்துளைகள் இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் மோர்போல வெளுத்துவிடும். அவற்றுக்கும் மெல்லிய குழாய்கள் மேலே போயின.

கடைசியில் சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயில் ரப்பர் ஒட்டிய பலகையை வைத்து அழுத்தினார் பாய். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நின்றால் வேறெங்கும் ஓட்டையில்லை என்று பொருள். அது நிற்கவில்லை. ஏதோ ஓர் இணைப்பு கள்ளத்தனமாகக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தது. தேடி இறுக்கிவிட்டு மறுபடி அழுத்தியபோது இரண்டு முறை குலுங்கி அடங்கியது. நாங்கள் கைதட்டினோம். திண்ணையிலிருந்து அம்மா சொன்னாள்: "போதும்டா, எடுங்க. அதுக்கும் மூச்சு முட்டும்ல."

இந்தக் குழாயை உலகம் ஸ்நார்க்கெல் என்கிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்காக டச்சுக் கடற்படை உருவாக்கியதை 1940க்குப் பிறகு ஜெர்மானியர் கைக்கொண்டு வைத்த பெயர் அது; மூக்கைக் குறித்த பேச்சுவழக்குச் சொல்லிலிருந்து வந்தது. யானை இதையெல்லாம் கேட்டால் சிரிக்கும். துதிக்கையை மட்டும் மேலே நீட்டியபடி ஆற்றைக் கடப்பது அதற்குப் பிறவிக்கலை. தமிழில் நம்மிடம் 'தூம்பு' என்றொரு சொல் இருக்கிறது. உள்ளே துளையுடைய குழாய்க்கும், ஏரியின் மதகுக்கும், ஓர் ஊதுகருவிக்கும் அதுவே பெயர். மலைபடுகடாம் அந்தக் கருவியை யானையின் மூச்சோடு சேர்த்தே சொல்கிறது. பாய் செய்த குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் நமக்குக் கிடைக்காது.

ஆனால் குழாய் எஞ்சினைத்தான் காக்கும், ஓட்டுபவனை அல்ல. ஓடுகிற தண்ணீர் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய காரை இழுத்துப் போய்விடும். இரண்டடியில் ஜீப்புகளும் மிதக்கத் தொடங்கும். 2020இல் வந்த புதிய தார் ஜீப்புக்கே அதைச் செய்தவர்கள் வைத்த எல்லை 650 மில்லிமீட்டர்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், பதிவிலுள்ள வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. குழாய் பொருத்த நினைப்பவர்கள் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021 நவம்பர் மழையில், காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையை ஏற்றிவரக் கிளம்பினோம். ஆற்றங்கரைக்குக் கீழே ஒரு குடிசைத் தெரு, இடுப்பளவு தேங்கிய நீர். எஞ்சின் ஒரு முறைகூடத் திணறவில்லை. அந்த மிதப்பில் கொஞ்சம் வேகமாகவே போனோம். வண்டிக்கு முன்னால் எழுந்த அலை இரு பக்கமும் விரிந்து வாசற்படிகளைத் தாண்டி உள்ளே போனது. ஒரு மண்சுவரின் மூலை கரைந்து சரிந்தது. உள்ளிருந்து ஒரு மூதாட்டியின் குரல்: "மெதுவாப் போங்கப்பா, கட்டில்மேல ஏறுது தண்ணி."

எஞ்சினை அணைத்தோம். கதவைத் திறந்து இறங்கி, மீதித் தூரம் தண்ணீருக்குள் நடந்துபோய், குழந்தையைத் தோளில் தூக்கி வந்தோம். திரும்பும்போது முதல் கியரில் ஊர்ந்து வந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த அலை படிக்கட்டை நனைக்காத அளவுக்கு.

மழை விட்டபின் அந்தச் சுவரைப் பூச ஆளும் மண்ணும் கொண்டுபோனோம். மூதாட்டி காசு வாங்க மறுத்துவிட்டார். தூம்பு இப்போதும் ஜீப்பில் இருக்கிறது. கோடையில் குளவி கூடு கட்டாதிருக்க அதன் வாயில் துணி கட்டி வைக்கிறோம். ஐப்பசி பிறந்ததும் அவிழ்க்கிறோம்.