பிசிறும் பொதியும்

தமிழில் 'சுருக்கம்' என்னும் ஒரே சொல்லால் இரு வேறு தொழில்களைக் குறித்துவிடுகிறோம். திருப்பூரில் வாழ்வோருக்கு அவை வேறு வேறு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூல் நுனிகளைக் கத்தரித்து எறிவது ஒன்று. அதற்குப் பிசிறு வெட்டுதல் என்று பெயர். பஞ்சை அழுத்திப் பட்டையிட்டுப் பொதியாக்குவது மற்றொன்று. வெட்டிய பிசிறு மீண்டும் ஆடையில் சேராது. பொதியோ, நூற்பாலையில் பட்டையை அறுத்ததும் பழையபடி பஞ்சாகிவிடும்.

இணையப் பக்கங்களின் வேகத்தைக் கூட்டுவதற்காக ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்குச் செய்யப்படுவனவும் இவ்விரண்டே. தமிழ்த்துறைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் துறைக்கெனச் சங்க இலக்கியச் சொல்லடைவுப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் மாணவர்களிற் பலர், வகுப்பு முடிந்ததும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். சிலருக்கு அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பிய பிறகுதான் கைபேசியே கைக்கு வரும். அந்த நேரத்தில் ஒரு பக்கம் திறக்க மறுத்தால், அன்றைய படிப்பு அவ்வளவுதான்.

அப்பக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் செய்து கொடுத்தது. பொருள் விளக்கங்களையும் அதிற் சேர்க்க விரும்பி, ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் பணியாற்றும் என் பழைய மாணவரை அழைத்தேன். கோப்பைத் திறந்தவர் சிரித்துவிட்டார். முழு நிரலும் ஒரே வரியாக நீண்டு கிடந்தது. இடைவெளி இல்லை, குறிப்பு இல்லை. மாறிகளின் பெயர்களெல்லாம் ஒற்றை எழுத்துகள். "இத வரி வரியாப் பிரிச்சுக் காட்ட கருவி இருக்குதுங்கய்யா. ஆனா எந்த எழுத்து எதுக்குன்னு எழுதுனவருக்குத்தான் தெரியுமுங்க" என்றார். எழுதியவரைத் தேடினோம். அவர் அந்நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார். மூலக்கோப்பு நிறுவனத்திடமும் இல்லை.

பிசிறு வெட்டும் இக்கருவிகளுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஆக்கிய ஜேஎஸ்மின் பழையவற்றுள் ஒன்று. குறிப்புரைகளையும் தேவையற்ற இடைவெளிகளையும் அது நீக்கும், பெயர்களைத் தொடாது. அதன் உரிமத்தில், மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு ஆகாது என்றொரு நிபந்தனையை அவர் சேர்த்திருந்தார். அறநூல் படித்து வளர்ந்த எனக்கு அது பிடித்துப்போயிற்று. சட்டம் அறிந்தவர்களுக்கோ பெருந்தொல்லையாயிற்று. 2007இல் யாஹூவிலிருந்து வந்த கருவி, நிரலுக்குள் வழங்கும் பெயர்களையும் குறுக்கியது. 2009இல் கூகுளும் ஒன்றை வெளியிட்டது.

பொதி கட்டும் கலை இவற்றினும் பழையது. 1977இல் லெம்பெல், ஸிவ் என்னும் இருவர் கண்ட வழி இது: ஒரு தொடர் மீண்டும் வருமாயின் அதைத் திரும்ப எழுதாதே, இத்தனை எழுத்துக்குப் பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள் என்று மட்டும் குறித்து வை. பத்திரம் எழுதுவோர் 'மேற்படி' என்றும், அதையும் குறுக்கி ௸ என்றும் எழுதியது இதைத்தானே! அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி என்பது 1952இல் ஹஃப்மன் வகுத்த முறை. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று குறியிட்ட நம் கணக்கெழுத்தர்களுக்கு அதன் நியாயம் உடனே விளங்கியிருக்கும். இவ்விரண்டையும் இணைத்து 1992இல் வெளிவந்ததே ஜிஸிப். வழங்கி பொதியாகக் கட்டி அனுப்ப, உலாவி அதை அவிழ்த்துக்கொள்கிறது. ஓர் எழுத்தும் குறைவதில்லை.

தமிழைப் பொறுத்தவரை இதற்குத் தனி நியாயம் உண்டு. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. 'திருப்பூர்' என்பதில் எழுத்து 5. கணினிக்கோ அது 10 குறி, 30 பைட்டு. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இலக்கணப்படி மெய்க்கு அரை மாத்திரை, 'க' என்னும் உயிர்மெய்க்கு ஒரு மாத்திரை. ஒருங்குறியில் 'க'வுக்கு 3 பைட்டு, புள்ளி பெற்ற 'க்'குக்கு 6 பைட்டு. புள்ளி வைத்தால் ஒலி குறையும், எடை கூடும்!

இந்தக் குறையை முன்னிறுத்தியே, எழுத்துக்கு 2 பைட்டாக அமைந்த வேறொரு குறியேற்றத்துக்காக நம்மவர் வாதிட்டனர். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. இணையத்தைப் பொறுத்தமட்டில் அந்த வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. தமிழ்க் குறியின் 3 பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே மதிப்புகளில் ஒன்று. இப்படி ஓயாமல் திரும்ப வருவதைத்தான் ஜிஸிப் விழுங்கிவிடுகிறதே. 2016இல் தர ஆவணம் பெற்ற பிராட்லி என்னும் புதிய முறை, தனக்குள்ளேயே ஓர் அகராதியை வைத்திருக்கிறது. இந்தி உட்பட ஆறு மொழிச் சொற்கள் அதில் உண்டு, தமிழ் இல்லை. வருத்தந்தான்; ஆயினும் கோப்பிற்குள்ளேயே திரும்ப வருவனவற்றைக் கண்டுகொள்வதால் தமிழையும் அது நன்றாகவே அமுக்குகிறது.

ஆகவே பொதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் பிசிறைப் பற்றியதே. ஆடையிற் பிசிறு கழிவு. நிரலிலோ கருவி பிசிறென்று கருதுவது இயந்திரத்துக்கு வேண்டாததை. மனிதனுக்கு வேண்டியது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

அந்த ஒற்றை வரிக் கோப்பைப் பார்த்தபோது எனக்கு ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வந்தது. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஓலை கிழியும் என்று புள்ளியும் இடமாட்டார்கள். 'கொடு'வும் 'கோடு'ம் ஒரே வடிவம். ரகரமா காலா என்பதும் ஐயம். பெருஞ்சிக்கனந்தான். அது நடைமுறைக்கு ஒத்துவந்ததற்குக் காரணம், முழு வடிவம் ஆசிரியரின் நினைவில் இருந்தது. அவர் பாடம் சொல்ல, மாணவர் கேட்டு மனத்தில் இருத்தினர். ஏடு வெறும் துணைக்கருவி. அந்தப் பாடங்கேட்கும் மரபு அறுந்த நூல்களில் மிஞ்சியது சுருங்கிய வடிவம் மட்டுமே. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்து வெளியிட எத்தனை ஏடுகளை ஒப்பிட வேண்டியிருந்தது, எத்தனை ஊர்களுக்கு அலைய வேண்டியிருந்தது! சொல்லைப் பிரிப்பதே அங்கு ஆராய்ச்சியாயிற்று. உரை கிடைத்த இடத்தில் வழி தெரிந்தது. கிடைக்காத இடத்தில் இன்றும் தடுமாறுகிறோம்.

எங்கள் பக்கத்துக்கு உ.வே.சா. தேவைப்படவில்லை. அதன் சொற்கள் அச்சிலும் இருந்தமையால், மாணவர் நிரலை முதலிலிருந்து புதிதாக எழுதினார். ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. 'சொற்பட்டியல்' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். 7 எழுத்து, 36 பைட்டு. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அது ஏன் அவ்வாறு அமைந்தது எனத் தமிழில் குறிப்பும் எழுதினார். நூற்பாவுக்குக் கருத்துரை எழுதுவது போலவே இருந்தது. இரண்டு இடங்களில் சந்திப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். பிறகு அத்தனையையும் கருவியிடம் ஒப்படைத்தார். குறிப்புகள் மறைந்தன. 36 பைட்டுப் பெயர் 1 பைட்டு ஆயிற்று. எஞ்சியதை வழங்கி பொதியாகக் கட்டி அனுப்புகிறது.

பக்கம் இப்போது பழைய கைபேசிகளிலும் காத்திருக்க வைக்காமல் திறக்கிறது. மூலக்கோப்பைக் குறிப்புகளோடு இரண்டு படிகள் எடுத்தோம். ஒன்று துறைக் கணினியில் இருக்கிறது. மற்றொன்றை அச்சிட்டு, நூலகத்தில் உரைநூல்கள் இருக்கும் அடுக்கிலேயே வைத்திருக்கிறேன். நூலகர் அதற்கு எந்த வகை எண் இடுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.