நோன்புச் சுப்ராவில் ஒரு பீட்சா

ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே ஐயத்துக்குரியவை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துச் சென்றுள்ளார்கள். மதரஸாவில் ஓதிய சிறு வயதிலேயே இதனை அறிந்தவன்தான் நான். ஆயினும் அந்த நடுப்பகுதியில் ஒரு குடும்பத் தலைவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை, அறுபதை நெருங்கும் வயதில், என் இளைய மகளிடமிருந்துதான் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதற்குக் காரணமாய் அமைந்தது ஒரு பீட்சா.

சென்ற ரமலானில் ஒரு வெள்ளிக்கிழமை. வேலூரில் கல்லூரியில் பயிலும் மகள், விடுமுறைக்கு ஆம்பூர் வந்தாள். கையில் இரண்டு அட்டைப் பெட்டிகள். தன் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருந்தாள். சுப்ரா விரித்து, பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் சமோசாவும் எடுத்து வைத்த இடத்தில் அவற்றையும் வைத்தாள். "இறைச்சி போட்டது வாங்கவில்லை அத்தா, காய்கறி பீட்சாதான்" என்று மகிழ்ச்சியுடன் சொன்னாள்.

அதற்கு முந்தைய நாள்தான் கைபேசியில் எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு உறைய வைக்கிறார்கள் என்பது அதன் சாரம். நான் சற்றும் யோசிக்கவில்லை. "இது ஹராம். எடுத்து அப்புறப்படுத்து" என்றேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பாங்கு சொல்ல இரண்டு நிமிடமே இருந்தது. வீட்டில் எவரும் பேசவில்லை.

என் தாயார்தாம் மெல்லக் கேட்டார்கள்: "விசாரித்துப் பார்த்தாயா, தம்பி?"

என்னிடம் பதில் இல்லை.

"அப்படியானால் வீசாதே. குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும். ஹராம் என்று தெரிந்தால் நாளைக்கு வீசலாம்."

மகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இத்தாலியில் ஒரு வாரம் பீட்சா சாப்பிட்டேன் என்பீர்களே, அத்தா. அங்கே கேட்டீர்களா?"

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. எங்கள் ஊர்த் தோல் வியாபாரிகளுக்கு இத்தாலி அயலூர் போன்றது. 'லீனியாபெல்லே' என்னும் தோல் கண்காட்சி இப்போது மிலானில் நடைபெறுகிறது. முன்னர் அது பொலோன்யா நகரில் நடந்தது. 1999-இல் நான் முதன்முறையாகச் சென்றபோது அங்குள்ள கடைகளிலெல்லாம் பன்றி இறைச்சியில் செய்த 'மோர்ததெல்லா' தூண் தூணாய்த் தொங்கியது. அந்த நகரமே அதற்குப் பெயர் பெற்றது. எதைத் தொடுவது என்று அஞ்சி நின்றவனுக்கு பீட்சாவே கை கொடுத்தது. தக்காளியும் பாலாடைக்கட்டியும் துளசி இனத்து இலையும் இட்ட 'மார்கெரித்தா'வை ஏழு நாளும் உண்டேன். இறைச்சி இல்லை என்பதோடு என் விசாரணை முடிந்தது. பாலை எதனால் உறைய வைத்தார்கள் என்று ஒருவரையும் நான் கேட்கவில்லை. பசித்தபோது எனக்குத் தோன்றாத ஐயம், மகள் ஆசையாய் வாங்கி வந்தபோது தோன்றிவிட்டது!

தராவீஹ் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் இமாமை அணுகினேன். அவர் பொறுமையாக விளக்கினார். பாலாடைக்கட்டி நம் மார்க்கத்துக்குப் புதிய உணவன்று. தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்களிடம் அது கொண்டுவரப்பட, கத்தி கேட்டு, அல்லாஹ்வின் பெயர் கூறி வெட்டினார்கள் என்று அபூதாவூத் நூலில் வருகிறது. கன்றின் இரைப்பையில் உள்ள உறைபொருள் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முறைப்படி அறுக்கப்படாத கன்றிலிருந்து எடுத்ததையும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தூய்மையானதாகக் கொண்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அதனை ஏற்கவில்லை. "முதலில் அந்தக் கட்டியில் இருப்பது எது என்று பாருங்கள். அதன் பிறகு சட்டம் பேசலாம்" என்ற இமாம், அன்-நஹ்ல் அத்தியாயத்தின் 116-ஆம் வசனத்தை நினைவூட்டினார். நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று சொல்வதை இறைவன் அங்கே கண்டிக்கிறான். நான் தலை குனிந்தேன்.

மறுநாள் மகள் அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர்கள் பயன்படுத்தும் பாலாடைக்கட்டி உறையின் படத்தை அனுப்பினார்கள். பச்சை வட்டக் குறி இருந்தது. நுண்ணுயிரிலிருந்து பெற்ற உறைபொருள் என்றும் அச்சிட்டிருந்தது. அன்று மாலை, முந்தைய நாள் பீட்சாவைத் தோசைக்கல்லில் சூடாக்கி எல்லோரும் பகிர்ந்து உண்டோம். முதல் துண்டை எடுத்து மகளுக்குக் கொடுத்தேன். "அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் சொன்னேன். சொல்வதற்கு முன்பு கடினமாயிருந்தது. சொன்ன பின் மனம் இலேசாயிற்று.

அதன் பிறகு நான் தெரிந்துகொண்டவற்றை இல்லத்தரசியருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பால் உண்ணும் கன்றின் நான்காம் இரைப்பையில் சுரப்பதே பழங்கால உறைபொருள். இத்தாலியின் 'பார்மிஜானோ' வகைக் கட்டியை இன்றும் அதைக் கொண்டுதான் செய்ய வேண்டும் என்பது அந்நாட்டார் விதி. ஆனால் அதே நொதியை நுண்ணுயிரிகளைக் கொண்டு உண்டாக்கும் முறைக்கு 1990-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. பூஞ்சையிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. நம் நாட்டு அமுல் நிறுவனம் தன் பாலாடைக்கட்டிக்கு நுண்ணுயிர் வகையையே பயன்படுத்துகிறது. ஆகவே உறையைத் திருப்பி, சிறு எழுத்தைப் படியுங்கள். பச்சைக் குறி, பால், தேன் போன்ற சிலவன்றி விலங்குப் பொருள் வேறெதுவும் சேர்க்கப்படவில்லை என்பதற்கே அடையாளம். ஹலாலுக்கு முழுச் சான்றாக அதனைக் கொள்ள வேண்டாம்.

டோமினோஸும் பீட்சா ஹட்டும் 1996-இல் இந்தியாவுக்கு வந்தவை. இத்தகைய கடைகளில் கோழி இட்டதை வாங்கினால், அறுத்தவர் யார், ஹலால் சான்று உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு சொல். அமெரிக்காவில் 'பெப்பரோனி' என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்த தொத்திறைச்சி. இத்தாலியில் 'பெப்பெரோனி' என்றால் குடைமிளகாய். இங்கே மிளகாயாக இருப்பது அங்கே பன்றியாகிவிடும். வெட்டும் கத்தியும் ஒன்றுதானா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

ஐயமே வேண்டாம் என்பவர்களுக்கு நேப்பிள்ஸ் நகரத்தாரின் பழைய வகை ஒன்று இருக்கிறது. 'மரினாரா' என்பது அதன் பெயர். தக்காளி, பூண்டு, ஓமம் போன்ற மணமுடைய ஒரேகானோ இலை, ஆலிவ் எண்ணெய் இவ்வளவே. பாலாடைக்கட்டி கிடையாது. விறகு அடுப்பில் ஏறத்தாழ 485 பாகை வெப்பத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். அந்நகரத்து பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

நம் வீட்டில் அந்த அடுப்பு இல்லாவிட்டால் என்ன? பேக்கரியில் விற்கும் பீட்சா ரொட்டியைத் தோசைக்கல்லில் ஒரு புறம் வாட்டித் திருப்பி, வதக்கிய தக்காளியும் பூண்டும் பரப்பி, விரும்பினால் பாலாடைக்கட்டி துருவியிட்டு, சிறு தீயில் மூடி வைத்தால் சில நிமிடங்களில் உருகிவிடும். மேலே தூவ நம் கசாப்புக்காரரிடம் வாங்கிய கோழியில் நேற்று வறுத்தது மிச்சமிருந்தால் போதும்.

"இது நம் உணவா?" என்று இப்போதும் சிலர் கேட்கின்றனர். ஆம்பூர் பிரியாணிக்கு நிறமும் காரமும் தரும் காய்ந்த மிளகாயும், பீட்சாவின் தக்காளியும் ஒரே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதாமே! எங்கிருந்து வந்தது என்பதைவிட, தூயதா என்பதும், கூடி உண்கிறோமா என்பதுமே நமக்கு முக்கியம். ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்டு வளர்ந்த சமுதாயம் நாம். ஒரு வட்ட ரொட்டியைப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதன்று.

இப்போது வெள்ளிதோறும் என் மகள் தோசைக்கல்லில் பீட்சா செய்கிறாள். உறையைப் படித்துக் காட்டுவது என் பொறுப்பு. என் தாயார் சிறு துண்டு ஒன்றைக் கஞ்சியில் தொட்டு உண்கிறார்கள். விசாரித்து உண்ணும் பேணுதலையும், விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாத பணிவையும் அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக. ஆமீன்.