இரண்டு கோணங்கள்

நேராக இருப்பதே நன்று, சாய்வது குற்றம் என்று வகுப்பறையில் சொல்லிப் பழகியவர்கள் நாம். வரிசை நேராக வேண்டும்; கோடு நேராக வேண்டும்; பிள்ளைகளின் முதுகும் நேராக வேண்டும். ஆயின், மோட்டார் வண்டியின் அடியில் சுழலும் ஓர் இரும்புத் தண்டு இக்கருத்தை முழுமையாக ஏற்பதில்லை.

முன்புறம் இயந்திரம் அமைந்து, பின்சக்கரங்களால் ஓடும் கார்களில், ஆற்றலைக் கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குக் கொண்டு செல்வது உந்துதண்டு. பட்டறைகளில் இதனைப் 'புரொப்பெல்லர் சாஃப்ட்' என்பர். கியர்ப்பெட்டி வண்டியின் உடலோடு பிணைந்தது. பின் அச்சோ மேடு பள்ளங்களுக்கேற்ப ஏறி இறங்குவது. ஆதலின் தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவிலான மூட்டு ஒவ்வொன்று உண்டு. அதுவே 'யுனிவர்சல் ஜாயிண்ட்'. கார்டானோ என்னும் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞரின் பெயர் இம்மூட்டுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்குகிறது. அடுத்த நூற்றாண்டில் இதனை ஆராய்ந்தவர், சுருள்வில் விதியைத் தந்தவரும் உயிரணுவிற்குச் 'செல்' என்று பெயரிட்டவருமான இராபர்ட் ஹூக். மோட்டார் வண்டிக்கேற்ற மூட்டுக்கு 1903ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர்.

இம்மூட்டை நான் அறிந்துகொள்ளக் காரணமாயிருந்தவன் என் தமக்கையின் மகன். அவன் தந்தை மறைந்தபோது விட்டுச் சென்றது ஒரு பழைய மோரிஸ் மைனர். அதற்கு டாட்சன் இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும், வேறொரு வண்டியின் பின் அச்சையும் பொருத்தி, மூன்றாண்டுகள் விடுமுறை நாள்களையெல்லாம் அதிலேயே செலவிட்டான். வண்டி ஓடியது. ஆயின், வேகம் 80 கிலோமீட்டரைத் தொட்டதும் தரையிலிருந்து இருக்கை வரை நடுங்கியது. உந்துதண்டை இருமுறை சமநிலைப்படுத்தியும் பயனில்லை.

"பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார்கள், மாமா. அம்மாவிடம் எப்படிச் சொல்வது?" என்று கேட்டான். தமக்கை அந்த வண்டியில்தான் மணமகளாக வந்திறங்கியவள். எனக்கும் மனம் கனத்தது.

இயந்திரங்களைப் பற்றி நான் அறிந்தது சொற்பமே. கோணங்களைப் பற்றிச் சற்று அறிவேன். கரும்பலகைக்குரிய பெரிய மரப் பாகைமானியில் நூலும் தூக்குக் குண்டும் கட்டி எடுத்துச் சென்றேன். மருமகன் வண்டியின் கீழே படுத்து அளந்தான், நான் குறித்துக்கொண்டேன். கியர்ப்பெட்டி பின்னோக்கி 3 பாகை தாழ்ந்திருந்தது. உந்துதண்டு 5 பாகை தாழ்ந்திருந்தது. பின் அச்சின் மூக்கையோ அவன் இரசமட்டம் வைத்து, மிகுந்த அக்கறையுடன், சற்றும் சாயாமல் நிறுத்தியிருந்தான். எனவே முன் மூட்டின் கோணம் 2 பாகை. பின் மூட்டின் கோணம் 5 பாகை. நோய் இருந்த இடம் அதுவே.

கோணத்தில் மடங்கிச் சுழலும் மூட்டு ஒரே சீராகச் சுழற்சியைக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தயங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வண்டியின் உந்துதண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,000 முறை சுழலும். 5 பாகைக் கோணத்தில் அந்த மூட்டு மட்டும் தனித்து விளைவிக்கும் ஏற்ற இறக்கம் 2,989க்கும் 3,011க்கும் இடைப்பட்டது. சிறு வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஆயின், அந்த அசைவு நொடிக்கு 100 முறை நிகழ்கிறது! இரும்பும் அதற்கு நடுங்கும்.

இதற்கு மருந்து, கோணத்தை ஒழிப்பதன்று. அதற்கு ஈடான கோணத்தை மறுமுனையில் வைப்பது. முன் மூட்டு விரையச் செய்வதைப் பின் மூட்டு அதே அளவு தயங்கச் செய்யும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். உந்துதண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திருப்பதும் இதற்கு இன்றியமையாதது. அவை குறுக்கும் நெடுக்குமாக அமைந்துவிட்டால் குறைகள் தீராமல் கூடிவிடும்.

பட்டைவில்லுக்கும் அச்சுக்கும் இடையே 2 பாகை அளவில் இரும்பு ஆப்பு வைத்து, மூக்கைச் சற்று உயர்த்தினான் மருமகன். "3 பாகை வேண்டாமா?" என்று கேட்டேன். "வண்டி விசையெடுக்கும்போது மூக்கு தானே கொஞ்சம் எழும்பும், மாமா. அதற்கு இடம் விட வேண்டும்" என்றான். என் கணக்கில் இல்லாத அந்த ஒரு பாகை அவன் பட்டறிவில் இருந்தது. நடுக்கம் அடங்கியது. பின்னர் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் கிடைத்தது. தமக்கை இப்போது அதில் கோயிலுக்குச் சென்று வருகிறாள்.

"எல்லாவற்றையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துவிட்டால் தொல்லையே இல்லையே?" என்றும் கேட்டேன். கோணமே இல்லாவிட்டால் மூட்டுக்குள் இருக்கும் ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தை அழுத்திப் பள்ளமாக்கிவிடுமாம். ஆதலால் அரைப் பாகையேனும் சாய்வு வேண்டுமாம். சற்றும் வளையாத மூட்டு விரைவில் தேய்கிறது என்பது எனக்குப் புதிய பாடம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இல்லம் ஒரு முனை, பள்ளி மறுமுனை, இடையே சுழல்வது குழந்தை. தோட்டப்புறத்திலிருந்து வருபவனும் அடுக்குமாடி வீட்டிலிருந்து வருபவனும் ஒரே சாய்வோடு வருவதில்லை. ஒருவனுக்கு வீட்டில் படித்துக் காட்ட ஆளில்லை. மற்றொருவனுக்குப் பேசவே ஆளில்லை. அவர்கள் அனைவருக்கும் முன்னால் இரசமட்டம் வைத்தாற்போல் அசையாமல் நிற்பது ஒழுங்குபோல் தோன்றலாம். ஆனால் அதிர்வதோ இடையிலிருக்கும் பிள்ளை. வீடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று முதலில் அளந்தறிதல் வேண்டும். அதற்கு ஈடான சாய்வை நம் பக்கத்தில் வைத்தல் வேண்டும். அந்த ஆப்பை வைக்க வேண்டியவர் ஆசிரியரே.