காயலாங்கடையா? கிளட்ச் பிளேட்டா?

வண்டலூர் மேம்பாலம் ஏறும்போதுதான் அது நடந்தது. ஆக்சிலேட்டரை அமுக்குறேன், எஞ்சின் 'ஊ'ன்னு கத்துது, வண்டி மட்டும் ஏற மாட்டேங்குது. கருகின வாசனை வேற. பின்னாடி பஸ்காரர் விடாம ஹாரன். பக்கத்து சீட்ல அம்மா, "என்னடா, எங்கயாவது தோசை தீயுதா?"ன்னாங்க.

தீஞ்சது கிளட்ச் பிளேட்டு :-)

எங்க வீடு காட்டாங்குளத்தூர். வண்டி ஃபோர்டு ஃபிகோ, 2010 மாடல், பெட்ரோல். அப்பா ரிட்டையர் ஆன காசுல வாங்கினது. அது பொறந்த மறைமலை நகர் ஃபேக்டரி ரயில்ல எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். "பொண்ணை உள்ளூர்லயே எடுத்திருக்கோம்"னு அப்பா பெருமையா சொல்வார். அந்த ஃபேக்டரியில கடைசி கார் வெளிய வந்தது 2022-ல. மறுபடி திறந்து எஞ்சின் செய்யப் போறதா 2025 அக்டோபர்ல அரசோட ஒப்பந்தம் போட்டாங்க. எஞ்சின்தான், கார் இல்ல. ஆக, பொண்ணுக்குப் பொறந்த வீடு பூட்டின மாதிரிதான்.

கிளட்ச் போனது 2025-ல. அதே வருஷம்தான் வண்டிக்கு 15 வயசு முடியுது. எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிச்சா அஞ்சு வருஷம் ஓட்டலாம். முன்னெல்லாம் இதுக்கு 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கிட்டாங்க. 20 வயசு தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000. பசுமை வரி தனி.

கூடுவாஞ்சேரி மெக்கானிக் போட்ட கணக்கு: கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன், ஃப்ளோர் டிங்கரிங், எல்லாம் சேர்த்து 31,000. எக்ஸ்சேஞ்சுல குடுத்தா 55,000. காயலாங்கடையில 22,000.

"வித்துட்டுப் புதுசு எடு"ன்னான் நண்பன். தவணை மாசம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மூணு மாசத் தவணையே ரிப்பேர் செலவைத் தாண்டிடும்.

உண்மையைச் சொல்றேன், நான் கணக்கே போடல. அப்பா வண்டி, சரி பண்ணிடணும், அவ்வளவுதான். அம்மாவும் அதையேதான் சொல்வாங்கன்னு நினைச்சேன். அவங்க டேஷ்போர்டு அறையைத் திறந்து அப்பாவோட பெட்ரோல் நோட்டை எடுத்து நீட்டினாங்க. தேதி, கிலோமீட்டர், லிட்டர். அவர் போன 2019 வரைக்கும் ஒரு வரி விடுபடல.

"அந்த மனுஷன் இருந்தா கணக்குப் பார்த்திருப்பார். நீயும் பாரு. அவர் ஞாபகத்துக்காக என்னை ஓட்டை வண்டியில கூட்டிட்டுப் போகாதே."

பார்த்தேன். அம்மாவோட முழங்கால் பிசியோதெரபிக்கு வாரம் ரெண்டு தடவை தாம்பரம். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் கூட வராது. கால் டாக்சியில போக வர ஆயிரம்னா வருஷத்துக்கு ஒரு லட்சம். சொந்த வண்டியில பெட்ரோல் 34,000. ரிப்பேர், ஆர்.சி. கட்டணம் சேர்த்தாலும் முதல் வருஷமே 70,000-ல முடிஞ்சிடும்.

ஆனா காசு மட்டும் போதாதே. 2015 டிசம்பர் மழையில முடிச்சூர்ல சித்தப்பா வீட்டு வாசல்ல நின்னப்ப வண்டிக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. துரு எதுவரைக்கும் போயிருக்கு?

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "ஃப்ளோர் ஓட்டையானா தகடு வெச்சு வெல்டு பண்ணிடலாம் சார். கீழ நீளமா ஓடுற சட்டமும் சஸ்பென்ஷன் உட்கார்ற இடமும் குத்தினா உள்ள போச்சுன்னா, என்கிட்ட வராதீங்க. நேரா காயலாங்கடைதான்."

குத்திக் குத்திப் பார்த்தார். ஃப்ளோர்ல ரெண்டு இடத்துல 'பொதுக்'னு உள்ள போச்சு. எனக்கு வயித்துல புளி கரைச்சது. சட்டத்துல 'டங்... டங்...'. கெட்டியா இருந்துச்சு.

ரிப்பேர் பண்ணியாச்சு. ஒரு நிபந்தனையோட: எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பிரிக்கிற நாள் வந்தா, இல்ல துரு சட்டத்தைத் தொட்டா, கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் குடுத்துடணும். அதுவும் தெருமுனைக் காயலாங்கடைக்கு இல்ல, அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்கு. அங்க தர்ற சான்றிதழை வெச்சு ஆர்.சி.யை ரத்து பண்ணலாம். சும்மா தள்ளி விட்டா, வண்டி போனாலும் பேர் நம்ம மேலயே நிக்கும். மக்களே, இதை மட்டும் மறந்துடாதீங்க.

போன தடவை தாம்பரம் போகும்போது அதே பாலத்துல மூணாவது கியர்லயே ஏறிடுச்சு. திரும்பி வர்ற வழியில பெட்ரோல் போட்டேன். அம்மா ஒண்ணும் பேசாம நோட்டையும் பேனாவையும் நீட்டினாங்க.

அப்பாவோட கடைசி வரிக்குக் கீழ, முதல் தடவையா நான் எழுதினேன்.