விடுமுறைக்கு ஒரு கடல்

கடற்கரையை நாடி விடுமுறையைக் கழிக்கச் செல்வது கடலுக்குத் தொலைவில் வாழ்வோரின் வழக்கமாகும். வீட்டு முற்றத்திலிருந்தே அலையோசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ ‘கடற்கரை விடுமுறை’ என்ற தொடர் பொருளற்றதாகவே தோன்றக்கூடும். அத்தகைய குடும்பமொன்று அப்படியொரு பிரயாணத்தைத் திட்டமிட முற்படும்போது எழும் வினாக்கள் பணத்தோடும் வாகனத்தோடும் மாத்திரம் முடிந்துவிடுவனவல்ல.

விபுலாநந்த அடிகள் (1892-1947) பிறந்த காரைதீவு, கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் எல்லைகளாக அமைந்த ஊர். அங்குள்ள வீடொன்றில், பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த அண்ணனும் பாடசாலையிற் பயிலும் தங்கையும் இத்திட்டத்தைத் தொடங்கினர். தங்கையின் கைத்தொலைபேசியில் கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவு விரிந்தது: ஒலிவ மரங்கள் அடர்ந்த பச்சைக் குன்றுகள், அவற்றின் அடியில் நீலக் கடல். அண்ணன் நகைத்தான். பண்டைக் கிரேக்கர் இலங்கையைத் ‘தப்ரபேன்’ என்றழைத்ததையும், கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே தொலமி அதன் பரப்பைப் பன்மடங்கு பெருப்பித்து எழுதியதையும் அவன் படித்திருந்தான். “கிரேக்கன் நம்மட தீவப் பெரிசாக் கண்டான், நீ அவன்ட தீவப் பெரிசாக் காண்கிறாய்” என்றான்.

உள்ளூரில் எங்கே செல்வது என்பதே அடுத்த விவாதம். மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் நீர் ஆழமாவதில்லை. நீந்தத் தெரியாதவர்க்கு உகந்தது. பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவோ அலைச்சறுக்கு விளையாட்டால் உலகப் புகழ் பெற்றது. 2009இல் யுத்தம் முடிந்தபின் இரு இடங்களிலும் உல்லாசப் பிரயாணிகளின் வருகை பெருகியது. வாடைக் காலத்திற் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். கச்சான் வீசும் மாதங்களே ஏற்றவை. அம்மாதங்களில் வெளிநாட்டாரும் வருவதால் அறை வாடகை உயர்ந்துவிடும். எனவே அறுகம்குடாவுக்கு ஒருநாட் பிரயாணம், வீட்டிலிருந்தே கட்டுச்சோறு, சாய்ந்தமருதிலிருந்து ஒரு வான் என முடிவாயிற்று.

“அம்மம்மாவை ஆரு பாக்கிற?” என்று தாய் கேட்டபோதுதான் அத்திட்டத்தின் மெய்யான இடர் வெளிப்பட்டது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை, மீன் வாங்கக் கடற்கரைக்குச் சென்ற அம்மப்பா திரும்பவில்லை. அன்று அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இளமையிற் பாதயாத்திரையாகப் பொத்துவில், உகந்தை வழியே கதிர்காமம் சென்ற அம்மம்மாவுக்கு அக்கரையோரம் முழுவதும் காலறிந்த பாதை. ஆயினும் அந்நாளுக்குப்பின் அவர் கடற்பக்கம் திரும்பவேயில்லை. ஆடியமாவாசை தோறும் மாமா மாத்திரம் திருக்கோவிலுக்குச் சென்று, சமுத்திர தீர்த்தத்திற் பிதிர்க்கடன் செய்து வந்தார்.

“நீங்க குளிக்கப் போறீங்க. நான் அவருக்கு என்ன சொல்லப் போறன்?” என்றார் அம்மம்மா. எவரிடத்தும் விடையில்லை.

கூலி பேச வந்திருந்த வான்காரர் இவ்வுரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே காலையில் சாய்ந்தமருதில் மகளைப் பறிகொடுத்தவர் அவர். “பெரியம்மா, எத்தின தரம் வெள்ளக்காரர அறுகம்குடாவுக்கு ஏத்திப் போயிருப்பன். நான் இன்னும் கால் நனைக்கல்ல. வானுக்குள்ளயே இருந்திட்டு வந்திருவன்” என்றார். ஆறுதலும் அறிவுரையும் அச்சொற்களில் இல்லை. அதனாலேயே போலும், அம்மம்மா அவற்றைச் செவிமடுத்தார். நெடுநேரம் பேசாதிருந்த அவர் இறுதியிற் கூறினார்: “போறதெண்டா ஆடியமாவாசையில போவம். முதல்ல அவருக்கு எள்ளும் தண்ணியும் இறைப்பம். பிறகு பிள்ளையள் குளிக்கட்டும்.”

திருக்கோவில் அறுகம்குடாவுக்குச் செல்லும் வழியிலேயே உள்ளது. ஆதலாற் பாதை மாறவில்லை. பிரயாணத்தின் பொருளே மாறியது. விரத நாளாகையாற் பொரித்த மீன் நீங்கி, மரக்கறிச் சோறு இடம்பெற்றது. தங்கையின் பட்டியலில் நீச்சலுடைக்கு மேலே எள்ளும் தர்ப்பையும் ஏறின. வானின் முன்னாசனம் அம்மம்மாவுக்கென ஒதுக்கப்பட்டது. இறந்தோரை மறந்து மகிழ்வதும் அவர்களை எண்ணி மகிழ்ச்சியைத் துறப்பதுமே வழிகள் எனக் கருதியிருந்த அவ்வீட்டார்க்கு, மூன்றாவது வழியொன்றை முதியவர் ஒருவரே காட்டினார்.

கூலியைப் பேசி முடித்த வான்காரர், படலையைத் தாண்டும்போது திரும்பி நின்று, மாற்றுச் சாரமொன்று தாமும் எடுத்துவருவதாகச் சொன்னார்.